தீக்குச்சி சொல்லும் சாட்சி

கேள்வி: ஆன்லைனில் ‘சேலம் வெண்பட்டு’ என்று போட்டிருந்த வேட்டியை வாங்கினேன். வந்தது பாலியஸ்டர். இதைப் பிடிக்க வேண்டியது போலீஸா, விற்ற தளமா?
— வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: அம்மாபேட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான். உங்கள் கடிதம் மனசை அறுக்கிறது, சகோதரி. ஓரத்தில் ஒரே ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டென்றால் முடி கருகின வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகி, கறுப்பு மணியாக இறுகிவிடும். அப்பா எனக்கு அப்படித்தான் காட்டிக்கொடுத்தார்.

வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு; அதாவது, அந்த ஊர்ச் சரக்குக்கு மட்டுமே அந்தப் பெயர் என்கிற சட்டப் பாதுகாப்பு. அந்தப் பெயரில் போலி விற்றால், 1999-ம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வாரண்ட் இல்லாமலே சோதனை போடலாம். ஆனால் அதற்கு முன் புவிசார் குறியீட்டுப் பதிவாளரின் கருத்தைக் கேட்டாக வேண்டும். அதற்குள் விற்றவன் கடைப்பெயரை மாற்றிக்கொண்டு போய்விடுவான்! அதனால் முதல் பொறுப்பு தளத்துக்குத்தான் என்பேன். ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் பார்ப்பதும் அது, விற்பவனின் முகவரி வைத்திருப்பதும் அது. 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

பில், பெட்டி, விளம்பரப் படம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். அசையவில்லையா? விற்றவன் எந்த ஊரில் இருந்தாலும் சேலம் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது. போகும்போது வேட்டியோடு அந்தக் கறுப்பு மணியையும் காகிதத்தில் மடித்து எடுத்துப் போங்கள்.