பக்கத்துப் பள்ளியில் ஒரு கணக்கு ஆசிரியர் இருப்பார்

அன்புள்ள அய்யா,

உங்கள் மகள் அரசு நடுநிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது, யாரும் கண்டுகொள்வதில்லை என்று தினமும் அழுகிறார் என எழுதியிருக்கிறீர்கள். ராஜினாமாப் பேச்சு இப்போது வேண்டாம். தகுதிகாண் பருவமே இரண்டு ஆண்டுப் பணிக்காலம். நான்கு மாதத்தில் தனக்குத்தானே ஃபெயில் போட்டுக்கொள்ள என்ன அவசரம்?

அந்தப் பள்ளியின் அமைப்பைப் பாருங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வகுப்புகளில் அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்துக் குறைந்தது ஓர் ஆசிரியர் என்றுதான் சொல்கிறது. சிறிய பள்ளியில் அந்த ஒருவர் உங்கள் மகளாகவே இருப்பார். பின்னக் கணக்கில் ஏழாம் வகுப்பு ஏன் திணறுகிறது என்று கேட்க நினைத்தாலும், கேட்பதற்கு அங்கே இன்னொரு கணக்கு ஆசிரியர் கிடையாது. பாராமுகம் என்று அவர் நினைப்பதில் பாதி இதுதான். பி.எட். பயிற்சிக்குப் பள்ளிக்குப் போன நாட்களில் பாடக்குறிப்பைத் திருத்த ஒருவர் இருந்தார். வேலையில் சேர்ந்ததும் முழுக் கால அட்டவணை, எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, விடுப்பில் போனவரின் வகுப்பு எல்லாம் வந்து சேர்ந்திருக்கும். இங்கிலாந்தில் 2021 முதல் புதிய ஆசிரியர்களுக்கு இரண்டு ஆண்டு வழிகாட்டல் உண்டு; முதலாண்டில் பாடவேளை 10 சதவீதம் குறைவு. இங்கே அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். எனக்கே சிரிப்புத்தான் வருகிறது, கொஞ்சம் கசப்போடு.

ஆகவே பாடத்துக்கான துணையை வெளியே தேட வேண்டும். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாமல், பக்கத்து உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியரின் எண்ணை வாங்கிக்கொள்ளட்டும். வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர் வகுப்பைப் பார்க்க வரும் நாளில், புதியவர்கள் பயந்துபோய்த் தமக்கு நன்றாக வரும் பாடத்தையே நடத்திக் காட்டுவார்கள். உங்கள் மகள் தனக்குச் சரியாக வராத பாடத்தை எடுக்கட்டும்; அப்போதுதான் அதில் உதவி கேட்க முடியும்.

வகுப்பைக் கட்டுக்குள் வைப்பது வேறு சங்கதி. அதற்கு உள்ளேயே ஆள் உண்டு. நான் ஆசிரியராக இருந்த முதல் வருடம் “உதவி செய்யுங்கள்” என்று கேட்டபோதெல்லாம் “போகப் போகச் சரியாகிவிடும்” என்ற பதில்தான் கிடைத்தது. ஒருநாள் மூத்த தமிழாசிரியரிடம், “எட்டாம் வகுப்பில் உங்கள் பாடவேளையின்போது பின்வரிசையில் உட்காரலாமா?” என்றேன். உடனே சரி என்றார். உள்ளே நுழைந்தவர் வாய் திறக்கவில்லை. கரும்பலகையில் பாதி வாக்கியம் எழுதிவிட்டு நின்றார். மீதியைக் கண்டுபிடிக்கும் அவசரத்தில் சத்தம் அடங்கிப்போனது. மறுநாளே அதைத் திருடி என் வகுப்பில் செய்தேன்.

தலைமை ஆசிரியரிடம் நீங்கள் போய்ப் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போகாதீர்கள். அப்பா வந்து பேசிய டீச்சர் என்ற பெயர் நெடுநாள் நிற்கும். வாரம் ஒரு பாடவேளை மூத்தவர் ஒருவரின் வகுப்பைப் பார்க்க அனுமதி வேண்டும் என்று உங்கள் மகளே கேட்கட்டும். இனி மாலையில் வீட்டுக்கு வந்ததும், இன்று எந்தப் பாடம் ஓடவில்லை என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். ஒருவேளை பிரச்சினை தனிமையாக இல்லாமல், அங்கே யாராவது அவமதிக்கிறார்கள் என்றால் உடனே எழுதுங்கள். அதற்கு நான் சொல்லும் பதில் வேறாக இருக்கும்.