ஒரே அரசின் இரண்டு கைகள் நிலத்துக்காக மோதிக்கொள்ளுமா?

ஆளுநரும் படைத்தளபதியும் ஒரே அரசின் ஆட்கள்தானே, அவர்களுக்குள் நிலத் தகராறு எப்படி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். வரும், தலைமுறைகளைத் தாண்டியும் நீளும். ஹாங்காங்கைப் பாருங்கள்.

1841இல் பிரிட்டிஷார் இறங்கியதும் தரைப்படையும் கடற்படையும் நல்ல இடமாகப் பார்த்து வளைத்துப்போட்டன. நகரத்தின் வணிக மையத்துக்கும் கிழக்கே வான்சாய்க்கும் நடுவில், மலையடிவாரத்திலிருந்து கடற்கரை வரை படைமுகாம்களும் கடற்படைத் தளமும் வந்துவிட்டன. இரு பக்கத்துக்கும் போய்வரக் குவீன்ஸ் சாலைதான் வழி.

"காலி செய்யுங்கள், நகரம் வளர வேண்டும்" என்று ஆளுநர் சொன்னால் தளபதி கேட்க வேண்டியதில்லை. அங்கேதான் சிக்கல். ஆளுநரின் மேலிடம் காலனிகளைக் கவனித்த லண்டனின் குடியேற்ற அலுவலகம். தரைப்படை நிலத்துக்குப் போர் அலுவலகம், கடற்படைக்கு அதன் தலைமை அலுவலகமான அட்மிரால்டி. மாற்று இடம் யார் தருவது, புதுக் கட்டடங்களுக்குச் செலவு யார் தலையில் என்று கோப்புகள் லண்டனுக்கும் ஹாங்காங்குக்கும் அலைந்தன.

கடலோரத்தை மண்ணிட்டு நிரப்பி நிலமாக்க 1890 வாக்கில் தொடங்கிய பெரிய கடல்நிரப்புத் திட்டமும் கடற்படைத் தளத்தருகே வந்து நின்றுவிட்டது. வான்சாய்ப் பக்கம் 1920களில் தனியாக நிரப்பினார்கள். தளம் 1959இல் மூடப்பட்ட பிறகுதான் கடலோரமாகச் சாலையை நேராக இழுக்க முடிந்தது. தரைப்படையின் விக்டோரியா முகாம் ஹாங்காங் அரசின் கைக்கு வந்தது 1979இல். அதன் ஒரு பகுதிதான் இன்றைய ஹாங்காங் பூங்கா. தளபதி குடியிருந்த மாளிகை? அது இப்போது தேநீர்ப் பாத்திர அருங்காட்சியகம்.