வெங்காயத்தின் கரும்பொடியும் கருப்புப் பூஞ்சையும்

கேள்வி: என் தாயாருக்கு 61 வயது, 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. மூச்சிரைப்புக்காக மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருக்கிறார். அதைச் சாப்பிட்டால் கருப்புப் பூஞ்சை வரும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். வெங்காயத் தோலில் உள்ள கரும்பொடியும் அதே பூஞ்சைதானா?

- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வெங்காயத்தைப் பற்றிய அச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். அதன் தோலில் படிவது பெரும்பாலும் ஆஸ்பர்ஜிலஸ் நைஜர் என்னும் வேறொரு பூஞ்சை. உரித்துக் கழுவிவிட்டுச் சமைக்கலாம். 2021-இல் கோவிட் இரண்டாம் அலையின்போது பலரின் கண்ணையும் உயிரையும் பறித்த நோய் மியூகோர்மைகோசிஸ். அந்நோயைத் தரும் பூஞ்சை இரத்தக் குழாய்களுக்குள் ஊடுருவி அவற்றை அடைத்துவிடுவதால், இரத்தம் கிடைக்காத சதை கறுத்து அழுகுகிறது. கருப்புப் பூஞ்சை என்ற பெயர் அதனால் வந்தது.

மண்ணிலும் மட்கும் குப்பையிலும் இருக்கும் அதன் வித்துகளை நாம் எல்லோரும் சுவாசிக்கிறோம். வெள்ளை அணுக்கள் அவற்றை அழித்துவிடுகின்றன. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி, இரத்தத்தில் கீட்டோன் அமிலமும் சேர்ந்துவிட்டால் அந்த அணுக்கள் வலுவிழக்கின்றன. அமிலத்தால் விடுபடும் இரும்புச்சத்தோ பூஞ்சையை வளர்க்கிறது. ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலைக் குறைப்பதோடு சர்க்கரையையும் ஏற்றும் என்பதால், உறவினர்களின் பயத்தில் ஓரளவு உண்மை உண்டு.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மூச்சிரைப்பு முற்றினால் அதுவே உயிருக்கு ஆபத்து. காலையில் வெறும் வயிற்றில் மட்டும் சர்க்கரை அளவைப் பார்த்து நிம்மதி அடையவும் வேண்டாம். காலையில் விழுங்கும் ஸ்டீராய்டு பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும் என்பதால், மாலையிலும் பார்த்துக் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பைக் கொண்டுதான் மருத்துவர் இன்சுலின் அளவை மாற்ற முடியும்.

முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வலித்தாலோ மரத்துப்போனாலோ, மூக்கிலிருந்து கறுத்த அல்லது இரத்தம் கலந்த சளி வந்தாலோ, கண் வீங்கி இமை இறங்கினாலோ, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, மேல்வரிசைப் பல் திடீரென ஆடினாலோ, அன்றே காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். டார்ச் வெளிச்சத்தில் மேலண்ணத்தைப் பார்த்து, அங்கே கறுத்த திட்டு தெரிந்தால் இரவென்றும் பாராமல் புறப்படுங்கள். மூக்கினுள்ளிருந்து எடுத்த சிறு சதைத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தே மருத்துவர்கள் விரைவில் சந்தேகத்தை உறுதிசெய்துகொள்வார்கள். ஆம்போடெரிசின் பி ஊசி மருந்தோடு, அழுகிய சதையை அறுவை செய்து அகற்றுவதும் பெரும்பாலும் தேவைப்படும். மருந்து மட்டும் போதாது, ஏனெனில் இரத்த ஓட்டமற்ற சதைக்குள் அது போய்ச் சேராது.

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஸ்டீராய்டை எத்தனை நாள் தர வேண்டும், எப்போது குறைக்க வேண்டும் என்பதை மாத்திரை எழுதித் தந்த மருத்துவரிடம் இந்த வாரமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.