மிஸ்ஸியிட்ட கேளுங்கோ: முகத்துக்கு எந்த ஊசி?

போன இதழ்ல பொடுகு பற்றி எழுதினன், பொடுகு பற்றி ஒரு கடிதமும் வரேல்ல, வந்ததெல்லாம் முகத்துக்குப் போடுற ஊசி. தோலைப் புதுப்பிக்கிற ஊசி எண்டு எல்லாற்ர ஃபோன்லயும் விளம்பரம் வந்து விழுகுது போல, கிளிநொச்சியில இருந்து வவுனியா வரைக்கும் ஒரே கேள்விதான். நான் டொக்டர் இல்லை, தோல் கிளினிக்ல கன காலம் நிண்ட தாதி, இப்ப பென்சன். கண்டதையும் படிச்சதையும் வச்சுச் சொல்றன், முகத்தைப் பாக்காமல் ஆருக்கும் மருந்து எழுத ஏலாது.

கேள்வி: மிஸ்ஸி, எனக்கு 27 வயசு. ஆவணியில கலியாணம், இன்னும் ஏழு கிழமைதான் கிடக்கு. ஓஎல் படிக்கேக்க வந்த பருவால ரண்டு கன்னமும் குழி குழியா இருக்கு. லண்டன் மச்சாள் சல்மன் ஊசி போடு எண்டுறா, யாழ்ப்பாணத்தில விசாரிச்ச இடத்தில பிஆர்பிதான் நல்லம் எண்டினம், கொழும்பில ஒரு இடத்தில புரஃபைலோ எண்டினம். ஏதாவது ஒண்டுக்குத்தான் காசு காணும். எதை எடுக்கிறது? – கலியாணப் பொம்பிளை, பரந்தன்

பதில்: தங்கச்சி, மூண்டு பேரும் மூண்டு ஊசி சொல்லியிருக்கினம், ஆனா உம்மட குழி என்ன மாதிரிக் குழி எண்டு ஒருத்தரும் கேட்டதாக் கடிதத்தில இல்லை. அதை முதல் பாப்பம்.

காலமை ஜன்னல் பக்கமா நிண்டு கண்ணாடியைப் பாரும், வெளிச்சம் ஒரு பக்கத்தால விழோணும். ரண்டு விரலால கன்னத்தை இழுத்துப் பிடியும். இழுக்கேக்க குழி தட்டையாப் போனா அது அகலமான மேலோட்டக் குழி, அதுக்கு இந்த மாதிரி வைத்தியம் கொஞ்சம் கேக்கும். எவ்வளவு இழுத்தும் குண்டூசியால குத்தின துளை மாதிரி அப்பிடியே நிண்டா, நீர் சொன்ன மூண்டில ஒண்டும் அதுக்கு இல்லை, டிசிஏ எண்ட அசிட்டை பல்லுக்குத்தி நுனி அளவில துளைக்குள்ள தொட்டு விடுறது ஒண்டு இருக்கு, அதை டொக்டர்தான் செய்யோணும், வீட்டில தொட்டுப் பாக்கிற விசர் வேலை வேண்டாம். இன்னும் சில குழிக்கு அடியில நார் பிடிச்சு கீழ இழுத்துக்கொண்டு நிக்கும், தரப்பாளை இழுத்துக் கட்டின கயிறு மாதிரி. அந்தக் கயிறை ஊசி நுனியால அறுத்து விட்டாத்தான் தோல் மேல எழும்பும், அறுக்காமல் எதைப் போட்டாலும் காசுதான் போகும்.

இப்ப ஊசிக்கு வருவம். பிஆர்பி எண்டது உம்மட ரத்தம்தான். கையில 10, 20 மில்லிலீட்டர் எடுத்து சுத்துற மெஷின்ல வச்சா சிவப்பு அடியில போகும், மேல வைக்கோல் நிறத்தில தண்ணி நிக்கும், அதில பிளேட்லட் கூடின பகுதியை எடுத்துத் திருப்பி முகத்துக்குள்ள விடுறது. டெங்கு வந்தா பிளேட்லட் இறங்கிட்டுது எண்டு பயப்பிடுவமே, அதே பிளேட்லட்தான், காயம் பட்ட இடத்துக்கு முதல் ஓடி வாறதும் அதுதான், வந்து ஆத்துற வேலைக்கு மற்ற செல்லுகளைக் கூப்பிடும். பருக்குழிக்கு நுண்ணூசியால குத்துற வைத்தியத்தோட சேத்துச் செய்யேக்க தனிய குத்துறதை விட நல்ல பலன் எண்டு ஒப்பிட்டுப் பாத்த ஆய்வுகள் இருக்கு. மாசத்துக்கு ஒருக்கா, மூண்டு நாலு தரம் செய்யோணும். சொந்த ரத்தம் எண்டபடியா அலர்ஜி குறைவு. ரத்தம் இளக்கிற குளிசை எடுக்கிற ஆக்கள், பிளேட்லட் குறைஞ்ச ஆக்கள், முகத்தில சீழ்ப்பரு உள்ள ஆக்கள் முதல் டொக்டரிட்டச் சொல்லோணும்.

சல்மன் ஊசி கொரியாக்காரர் பிரபலமாக்கினது, றெஜுரன் எண்டது அதில பேர்போன மார்க். சல்மன் மீன்ர விந்தில இருந்து எடுத்துச் சுத்தம் செய்த டிஎன்ஏ துண்டு அது, மச்சாள் அந்த விஷயத்தைச் சொல்லியிருக்க மாட்டா. பெட்டியில பொலிநியூக்கிளியோடைட் எண்டு போட்டிருக்கும். மெலிஞ்ச, காய்ஞ்ச, நுணுக்கமாச் சுருங்கின தோலுக்கும் கண்ணுக்குக் கீழயும்தான் கூடுதலாப் போடுறவை, அதுவும் ரண்டு மூண்டு கிழமை இடைவெளியில மூண்டு தரம் மட்டில. போட்ட உடன முகம் முழுக்க நுளம்பு கடிச்ச மாதிரிப் பொம்மி ஒண்டு ரண்டு நாள் நிக்கும். மீன் அலர்ஜி இருந்தா அந்தப் பக்கமே போகாதையும்.

புரஃபைலோ கையலூரோனிக் அசிட், எங்கட தோலுக்குள்ள தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கிற சாமானின்ர செறிஞ்ச வடிவம். ஒரு ஊசியில 2 மில்லிலீட்டருக்குள்ள 64 மில்லிகிராம், கன்னத்துக்கு ஐஞ்சு இடமா ரண்டு பக்கமும், மாதம் ஒண்டு கழிச்சு இன்னொருக்கா. நாப்பது தாண்டி தோல் தளர்ந்து காய்ஞ்சு போன ஆக்களுக்கு அது பரவாயில்லை. காய்ஞ்ச வயலுக்குத் தண்ணி விடுற மாதிரி எண்டு வையுமன், வரம்பு உடைஞ்ச இடத்தை அந்தத் தண்ணி அடைக்குமோ? உமக்கு உடைஞ்சது வரம்பு.

அப்ப மூண்டில ஒண்டு எண்டா பிஆர்பி, அதுவும் நுண்ணூசியோட. ஆனா ஏழு கிழமையில கன்னம் மாறாது தங்கச்சி. தோலைத் தாங்கிப் பிடிக்கிற கொலாஜன் எண்ட புரதம் புதுசா ஊற மாசக்கணக்கு வேணும், அதோட எங்கட மாநிறத் தோல் குத்தின இடமெல்லாம் கறுத்துப் போற சாதி, அது மங்கவும் மாசங்கள் எடுக்கும். செய்யிறதெண்டா இந்தக் கிழமை ஒருக்கா, மிச்சம் கலியாணத்துக்குப் பிறகு. பொன்னுருக்குக்கு நாலு கிழமை இருக்கேக்க முகத்தில ஒரு ஊசியும் வேண்டாம். என்ர தங்கச்சி எண்டா இப்ப சன்கிறீம் மட்டும் பூசச் சொல்லி, மேக்கப்காறியை நல்லவளாப் பிடிச்சு, காசை வச்சிருந்து தை மாசம் வடிவாத் தொடங்கச் சொல்லுவன். இப்பவும் புதுப் பரு வருதெண்டா அதை நிப்பாட்டுறதுதான் முதல் வேலை, அதுக்கு மாவட்ட ஆஸ்பத்திரியில தோல் கிளினிக் என்ன நாள் எண்டு கேட்டுப் போம், அங்க காசில்லை.

கேள்வி: எனக்கு 54. கன்னம் ரண்டும் உள்ளுக்குப் போய் நோயாளி மாதிரி இருக்கிறன். கனடாவில இருக்கிற அக்கா ஸ்கல்ப்ட்ரா போட்டு பத்து வயசு குறைஞ்சிட்டா. திருவிழாவுக்கு வரேக்க எனக்கும் ரண்டு குப்பி கொண்டு வாறன், அங்க ஊசி போடத் தெரிஞ்ச ஆரையும் பிடிச்சு வை எண்டுறா. பிடிக்கவோ? – மல்லாவி வாசகி

பதில்: பிடிக்காதேங்கோ அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன்.

உங்கட அக்காவுக்குப் போட்டது பொலி எல் லக்டிக் அசிட், கரையிற தையல் நூல் செய்யிற இனம்தான். அமெரிக்காவில 2004ல எச்ஐவி நோயாளர்ர ஒட்டின கன்னத்துக்கு எண்டு அனுமதி குடுத்து, 2009ல மற்ற ஆக்களின்ர சுருக்கத்துக்கும் குடுத்தது. அது மாவா வரும், தண்ணி கலந்து சரியான ஆழத்தில போடோணும், உடம்பு அந்தத் துணுக்குகளைச் சுத்திக் கொலாஜன் கட்டும், கன்னம் மெல்ல மெல்ல மாசக்கணக்கில நிரம்பும், ரண்டு வருசம் வரைக்கும் நிக்கும். நல்ல மருந்துதான், கை பிழைச்சா கெட்ட மருந்து. மேலோட்டமாப் போட்டா அரிசி மணி மாதிரி கட்டி கட்டியா வரும். போட்ட பிறகு ஐஞ்சு நாள், நாளைக்கு ஐஞ்சு தரம், ஐஞ்சு ஐஞ்சு நிமிசம் தேய்க்கச் சொல்றதே அதுக்காகத்தான். இதே வகையில றேடியஸ் எண்டு இன்னொண்டு, எலும்பில இருக்கிற கல்சியச் சாமான், அது போட்ட அண்டைக்கே கொஞ்சம் நிரம்பின மாதிரித் தெரியும், பிறகு கொலாஜனும் ஊறும், ஒரு வருசம் மட்டில நிக்கும்.

இதில நீங்கள் யோசிக்க வேண்டிய வித்தியாசம் ஒண்டு இருக்கு. கையலூரோனிக் அசிட் பிழைச்சா கையலூரோனிடேஸ் எண்ட மருந்து போட்டுக் கரைக்கலாம். ஸ்கல்ப்ட்ராவையும் றேடியஸையும் அப்பிடிக் கரைக்கிற மாத்து மருந்து இல்லை. முகத்தில ஓடுற நாடிக்குள்ள தவறிப் போனா தோல் கறுத்து அழுகலாம், கண் பார்வையே போன ஆக்கள் இருக்கினம். காய்ச்சலுக்கு ஊசி போடத் தெரிஞ்சவர் கையில இதைக் குடுக்கிறதும், சைக்கிள் ஓடுறவரிட்ட உழவு மெஷினைக் குடுக்கிறதும் ஒண்டு. மற்றது, அந்தப் பெட்டியை 30 பாகைக்கு மேல வைக்கப் படாது. கட்டுநாயக்காவில இருந்து வானுக்கு மேல சூட்கேஸைக் கட்டி ஏ9 வழிய மத்தியான வெய்யிலில மல்லாவி வரேக்க அது என்ன சூட்டில இருக்கும்?

இன்னொரு விஷயம் கேக்கிறன் குறை நினைக்காதேங்கோ, கடைவாய்ப் பல்லு இருக்கோ? கன பேருக்குக் கன்னம் உள்ளுக்குப் போறது பல்லுக் கழண்டபடியாத்தான். அதோட கொஞ்ச நாளில மெலிஞ்சு போனதெண்டா சீனி, தைரொயிட் ரண்டும் பாருங்கோ. அதெல்லாம் சரி, இன்னும் ஊசி வேணும் எண்டா, அக்கா குப்பி வாங்கிற காசைக் கையில தரட்டும், கொழும்பில தோல் நிபுணர் ஒருத்தரிட்டப் போங்கோ, இலங்கை மருத்துவ சபையில பதிவு இருக்கோ, எத்தினை பேருக்கு இதைப் போட்டவர், பிழைச்சா என்ன செய்வார் எண்டு நேர கேளுங்கோ. கேக்கேக்க முகம் சுழிச்சா எழும்பி வாங்கோ.

கேள்வி: 2009ல ஷெல் துண்டு பட்டு இடக் கன்னத்தில பள்ளமாத் தழும்பு. அப்ப எனக்கு 24. இவ்வளவு நாளும் கவலைப்படேல்ல, இப்ப மகள் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குக் கூப்பிடுறாள் இல்லை. பிஆர்பி போட்டா நிரம்புமோ? – பெயர் வேண்டாம், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, பிஆர்பி மட்டும் போட்டா நிரம்பாது. அது தோலின்ர மேல்தரத்தை, தழும்பின்ர இறுக்கத்தைக் கொஞ்சம் இளக்கும். உங்களுக்குத் தோலுக்குக் கீழ இருந்த கொழுப்பும் சிலவேளை தசையும் போயிருக்கும், போன சாமானைத் திருப்பி வைக்கோணும்.

அதுக்கு நான் கண்டதில நல்லது உங்கட கொழுப்பையே வயித்திலயோ தொடையிலயோ இருந்து உறிஞ்சி எடுத்து, தழும்பின்ர அடி நாரை அறுத்து விட்டு அந்த இடத்தில வைக்கிறது. போட்ட கொழுப்பு முழுக்க நிக்காது, ஒரு பங்கைத் திருப்பி உடம்பு எடுத்துப் போடும், அதால ரண்டாந் தரமும் செய்ய வேண்டி வரலாம். நிண்டது நிண்டதுதான், அதோட மேல் தோலும் மிருதுவாகும். இதைப் பிளாஸ்டிக் சர்ஜன்தான் செய்வார், அழகு நிலையம் இல்லை, அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்ல காட்டினா அங்க துண்டு எழுதி அனுப்புவினம்.

போகேக்க ரண்டு விஷயம் நீங்களாச் சொல்லுங்கோ, அவை கேக்க மறந்தாலும். ஒண்டு, கன்னத்துக்குள்ளயோ தலையிலயோ இன்னும் ஷெல் துண்டு கிடக்கோ எண்டது. தெரியாட்டி ஒரு எக்ஸ்றே எடுக்கோணும், துண்டு இருக்கிற இடத்தில கண்ணை மூடிக்கொண்டு ஊசி விட ஏலாது, எம்ஆர்ஐ எடுக்க வந்தாலும் முதல் அதைச் சொல்லோணும். மற்றது, உடம்பில வேற காயம் தடிச்சு மினுங்கி வளந்து ஆறினதோ எண்டது. அப்பிடி எண்டா கீலொயிட் சாதித் தோல், குத்த முதல் டொக்டர் ரண்டு தரம் யோசிப்பார்.

மகள் ஏன் கூப்பிடேல்ல எண்டு கேட்டனீங்களோ? தழும்புதான் காரணம் எண்டு கடிதத்தில நீங்கள்தான் எழுதியிருக்கிறியள், அவள் சொன்னதா எழுதேல்ல.

கேள்வி: வவுனியாவில ஒரு பார்லர்ல மூண்டு ஊசி பக்கேஜா போடினமாம், வெள்ளையாக்கிற குளூட்டாதயோன், வம்பயர் ஃபேஷியல், எக்ஸோசோம். சினேகிதிகள் போகினம், நானும் போகவோ? – 22 வயசு, நெடுங்கேணி

பதில்: வேண்டாம் பிள்ளை. குளூட்டாதயோனை நரம்பில ஏத்தினா நிறம் நிரந்தரமா மாறும் எண்டதுக்கு உறுதியான சாட்சி இல்லை, ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கூடாது எண்டு பிலிப்பைன்ஸ் மருந்து அதிகாரிகளே எச்சரிச்சவை, அங்கதான் அது கொடிகட்டிப் பறந்தது. சிறுநீரக வருத்தம் ஏற்கெனவே எங்கட வவுனியாப் பக்கத்தைத் தின்னுது, காசு குடுத்து வேற வாங்கோணுமோ? வெள்ளைக் கிறீமும் அப்பிடித்தான், பேர் விலாசம் இல்லாத டப்பாவில பாதரசம் இருந்தா அதுவும் போய் நிக்கிறது சிறுநீரகத்திலதான்.

வம்பயர் ஃபேஷியல் எண்டது மேல சொன்ன பிஆர்பி, பேர்தான் பயங்காட்டுற பேர். ஆனா செய்யிற இடத்தில பயம் இருக்கு. அமெரிக்காவில நியூ மெக்சிகோவில லைசன்ஸ் இல்லாத ஒரு ஸ்பாவில அதைச் செய்த பொம்பிளையளுக்கு எச்ஐவி தொத்தினதை 2018ல கண்டுபிடிச்சவை, ஒருக்கா மட்டும் பாவிக்க வேண்டிய சாமானைத் திருப்பிப் பாவிச்சவை, பேர் எழுதாத ரத்தக் குழாயெல்லாம் கிடந்ததாம். ஆற்ர ரத்தம் ஆற்ர முகத்தில எண்டு தெரியாத இடத்தில முகத்தைக் குடுக்கிறதோ?

எக்ஸோசோம் செல்லில இருந்து கழண்டு வாற நுண்ணிய பை, ஆய்வுகூடத்தில நல்லாத்தான் இருக்கு, ஆனா ஊசியாப் போட எஃப்டிஏ எண்ட அமெரிக்க மருந்து அதிகாரிகள் இன்னும் ஒரு எக்ஸோசோம் சாமானுக்கும் அனுமதி குடுக்கேல்ல, 2019ல ஆக்களை எச்சரிக்கையும் செய்தவை.

போறதுதான் எண்டு நிண்டா, ஊசி போட முதல் பெட்டியை உங்களுக்கு முன்னால உடைக்கச் சொல்லிக் கேளுங்கோ, பேர், தொகுதி இலக்கம், முடிவுத் திகதி மூண்டையும் ஃபோன்ல படம் எடுங்கோ. படம் எடுக்க விடமாட்டினம் எண்டா நெடுங்கேணி பஸ் எத்தினை மணிக்கு எண்டு பாருங்கோ.