சசூரும் இடுகுறியும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

முதுகலைத் தமிழ் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் அமைப்பியல், அதாவது எதையும் தனியாகப் பார்க்காமல் அமைப்புக்குள் அதற்குள்ள உறவுகளை வைத்துப் பார்க்கும் சிந்தனைமுறை, ஒரு பாடமாக இருக்கிறது. வகுப்பில் எழுதிக்கொண்டது இவ்வளவுதான்: சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இடுகுறித்தன்மை கொண்டது என்று சுவிட்சர்லாந்து மொழியியலாளர் சசூர் கண்டுபிடித்தார், மொழியில் வேறுபாடுகள் மட்டுமே உண்டு, ஆகவே மொழிக்கு வெளியே பொருள் என்று எதுவும் இல்லை. எனக்கு இரண்டு சந்தேகங்கள். இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோமே, இதில் சசூர் புதிதாக என்ன கண்டுபிடித்தார்? இரண்டாவது, எல்லாமே வேறுபாடுதான் என்றால், நான் 'தண்ணீர்' என்று கேட்டதும் அம்மா எப்படிச் சரியாகச் சொம்பை எடுத்து நீட்டுகிறார்? வகுப்பில் இதைக் கேட்டபோது சிரித்துவிட்டார்கள்.

எம்.

அன்புள்ள எம்.,

சிரித்திருக்க வேண்டியதில்லை. உங்கள் குறிப்பில் உள்ள மூன்று வாக்கியங்களில் முதலாவது தப்பு, இரண்டாவது பாதிதான் சரி, மூன்றாவதைச் சசூர் சொல்லவே இல்லை.

இடுகுறித்தன்மையைத் தான் கண்டுபிடித்ததாகச் சசூர் எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. பெயர்கள் இயற்கையில் அமைந்தவையா, மனிதர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டு வைத்தவையா என்ற சண்டை பிளேட்டோவின் 'க்ராடிலஸ்' உரையாடலிலேயே நடக்கிறது. சசூருக்கு ஒரு தலைமுறை முந்திய அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் விட்னி இதை அழுத்திச் சொன்னவர். சசூர் அவர் பெயரைச் சொல்லியே பாராட்டுகிறார். நம் பக்கத்தில் தொல்காப்பியம் 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்கிறது. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு 'சசூருக்கு முன்பே நம்மவர் சொல்லிவிட்டார்' என்று மேடையில் கைதட்டல் வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் காரணமே இல்லை என்று சூத்திரம் சொல்லவில்லை. காரணம் பளிச்சென்று தெரியாது என்றுதான் சொல்கிறது. இரண்டுக்கும் நிறைய தூரம்.

நன்னூலோடு ஒப்பிட வேண்டுமென்றால் வேறோர் இடம் இருக்கிறது. மரம் இடுகுறிப்பெயர், மரங்கொத்தி காரணப்பெயர் என்று படித்திருப்பீர்கள். சசூரிடமும் இதுபோல ஒரு பிரிவு உண்டு. பிரெஞ்சில் இருபதைக் குறிக்கும் சொல்லுக்கு ஒரு காரணமும் தெரியாது. பத்தொன்பதைக் குறிக்கும் சொல்லிலோ பத்தும் ஒன்பதும் வெளிப்படையாகத் தெரிகின்றன. எனவே இடுகுறித்தன்மை எல்லாச் சொல்லிலும் ஒரே அளவில் இல்லை, அதில் படிகள் உண்டு என்கிறார். தமிழிலும் அப்படித்தான்: எட்டுக்கு ஏன் எட்டு என்று பெயர் என்றால் பதில் இல்லை, எண்பதுக்கு உண்டு.

அப்புறம் எங்கே பிரிகிறார்கள்? நம் இலக்கணம் ஒரு சொல்லைக் கையில் எடுத்து, இதற்கு ஏன் இந்தப் பொருள் என்று கேட்கிறது. சசூரோ ஒரு சொல்லைத் தனியாகக் கையில் எடுக்கவே முடியாது என்கிறார். காரணம் ஏதுமின்றி வந்து ஒட்டிக்கொண்ட சொல் என்றால், அதன் பொருளின் எல்லையை எது பிடித்து நிறுத்துகிறது? அதே மொழியில் அதற்குப் பக்கத்தில் இருக்கும் மற்றச் சொற்களும் வடிவங்களும்தான். இதைத்தான் அவர் மதிப்பு என்றார். அவருடைய கண்டுபிடிப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள்.

அவர் தரும் உதாரணங்களில் எனக்குப் பிடித்தது பன்மை பற்றியது. சசூர் ஜெனீவாவில் சமஸ்கிருதம் கற்பித்தவர். சமஸ்கிருதத்தில் ஒருமை, பன்மைக்கு நடுவே இருமை உண்டு. ஆகவே 'என் கண்கள்', 'என் காதுகள்' என்பதைச் சமஸ்கிருதத்தில் பன்மையில் சொல்ல முடியாது, இருமையில் சொல்ல வேண்டும். அங்கே பன்மை மூன்றிலிருந்து தொடங்குகிறது. பிரெஞ்சில் இரண்டிலிருந்து; தமிழிலும் அப்படியே. இலக்கண நூல்கள் எல்லாவற்றிலும் அதற்குப் பன்மை என்றே பெயர். ஆனால் பக்கத்து நாற்காலியில் இருமை உட்கார்ந்திருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து, பன்மை எங்கே தொடங்குகிறது என்பதே மாறிவிடுகிறது.

ஒலியிலும் இதே கதைதான். 'பாம்பு' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் பகரமும் இரண்டாவது பகரமும் ஒரே ஒலி அல்ல. இரண்டாவதில் குரல்வளை அதிர்கிறது. தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றுதான், எழுத்தும் ஒன்றுதான். இந்திக்காரருக்கு அவை இரண்டு. கணம், வலிமை, பழம் என்று பொருள்தரும் மூன்று இந்திச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் மூன்றுமே 'பல்' ஆகிவிடும். பகரத்தை எப்படி உச்சரிக்கிறோம் என்பதில்தான் அங்கே பொருள் பிரிகிறது. வாயில் எத்தனை ஒலி பிறக்கிறது என்பது வேறு, எந்த ஒலி வித்தியாசத்தை ஒரு மொழி கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பது வேறு. ட்ரூபெட்ஸ்காய், யாகப்ஸன் முதலிய பிராக் வட்டத்து மொழியியலாளர்கள் 1920களுக்குப் பிறகு இந்த விஷயத்தை ஒரு துறையாகவே வளர்த்தார்கள். நம் மொழியியல் நூல்களில் ஒலியன் என்று வருவது இதுதான். சும்மா ஒரு உபரித் தகவல்: கடன் சொற்களால் தமிழிலும் இந்தக் கணக்கு மாறிவருகிறது. புண்ணியத்துக்கு எதிரான பாவத்தையும் நாட்டியத்தில் வரும் பாவத்தையும் நாம் வேறுவேறாகத்தான் உச்சரிக்கிறோம். எழுத்துக்கு இன்னும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

சரி, இதெல்லாம் வெறும் பார்வைக் கோணம்தானே, இதனால் புதிதாக ஏதாவது தெரியவந்ததா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. அமைப்பியலைக் கற்பிப்பவர்கள் இந்தக் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. தமிழில் எண்பதுகள், தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளில் நடந்த விவாதங்களுக்கு அமைப்பியல் பெரும்பாலும் இலக்கியக் கோட்பாட்டின் வழியாக வந்து சேர்ந்தது. மொழியியல் பகுதி வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

1878 கடைசியில், லைப்ஸிக்கில் மாணவராக இருந்த 21 வயதுச் சசூர் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் முதலியவை அடங்கிய இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் ஆதி உயிரொலிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் தர்க்கத்தை நமக்குத் தெரிந்த சொற்களை வைத்தே சொல்லிவிடலாம். கரணம், கிருதம் இரண்டும் 'செய்' என்று பொருள்படும் ஒரே வேரிலிருந்து வந்தவை. முதலாவதில் உயிரும் ரகரமும் சேர்ந்து 'கர்' என்று நிற்கின்றன. இரண்டாவதில் உயிர் விழுந்துவிட, ரகரமே உயிர்போல் ஒலிக்கிறது. இப்படிப்பட்ட ஜோடிகள் ஏராளம். இப்போது ஸ்தானம், ஸ்திதி என்ற ஜோடியைப் பாருங்கள். 'நில்' என்று பொருள்படும் வேர். ஒன்றில் 'ஸ்தா', மற்றதில் 'ஸ்தி'. பார்வைக்கு முந்தைய ஜோடியோடு சம்பந்தமே இல்லை. ஆனால் எல்லா வேர்களும் ஒரே கணக்கில்தான் நடக்கின்றன என்று வைத்துக்கொண்டால், 'ஸ்தா'வில் உள்ள நெடில் ஆதியில் நெடிலாக இருந்திருக்க முடியாது. அது ஒரு குறிலும், ரகரத்தின் இடத்தில் நின்ற வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்தது. குறில் விழுந்தபோது அந்த ஏதோ ஒன்று மட்டும் மிஞ்சி, சமஸ்கிருதத்தில் இகரமாக வந்திருக்கிறது.

அந்த ஏதோ ஒன்று அப்போது தெரிந்திருந்த எந்த இந்தோ-ஐரோப்பிய மொழியிலும் மெய்யாக எஞ்சியிருக்கவில்லை. அதன் ஓசை இன்னதுதான் என்று அடித்துச் சொல்லச் சசூரும் முனையவில்லை. அதற்கு ஓர் அடையாள எழுத்தைக் கொடுத்துவிட்டு, அமைப்பில் அதன் இடம் எது என்பதை மட்டும் சொன்னார். அன்றைய அறிஞர்களில் பலர் இதை ஏற்கவில்லை.

அவர் 1913இல் இறந்துபோனார். துருக்கியின் போகாஸ்கோய் என்ற ஊரில் தோண்டி எடுத்த களிமண் பலகைகளின் மொழியான ஹிட்டைட் ஓர் இந்தோ-ஐரோப்பிய மொழிதான் என்று செக் அறிஞர் ஹ்ரோஸ்னி 1915இல் அறிவித்தார். அந்த மொழியில் தொண்டையிலிருந்து வரும் ஹகரம் போன்ற ஒரு மெய் இருந்தது. சசூர் குறித்துவைத்த இடங்கள் பலவற்றில் அந்த மெய்தான் நிற்கிறது என்று போலந்துக்காரரான குரிலோவிச் 1927இல் காட்டினார். சமஸ்கிருதத்தில் 'காப்பாற்று' என்று பொருள்படும் வேர் 'பா'. அதற்கு இணையான ஹிட்டைட் வினை 'பஹ்ஸ்'. நெடில் இருக்க வேண்டிய இடத்தில் குறிலும் ஒரு மெய்யும்.

'மொழியில் வேறுபாடுகள் மட்டுமே' என்ற வாக்கியத்தை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். ஓசை தெரியாத ஓர் ஒலியை, அது மற்ற ஒலிகளோடு கொண்டிருந்த உறவுகளை மட்டும் வைத்துக் கண்டுபிடித்த மனிதர் பேசுகிறார். உலகம் மாயை என்று சொல்ல வந்தவர் அல்ல.

அந்த வாக்கியமும் அங்கேயே முடிந்துவிடவில்லை. சொல்லின் ஓசை வடிவமான குறிப்பானைத் தனியாகவும், அது தரும் கருத்தான குறிப்பீட்டைத் தனியாகவும் எடுத்துக்கொண்டால்தான் வெறும் வேறுபாடுகள். இரண்டும் சேர்ந்து ஒரு குறி ஆனதும் அது நேர்மறையான ஒன்று என்று அதே பக்கங்களில் வருகிறது. மேற்கோள் காட்டுபவர்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னொன்று, அந்த வாக்கியம் வரும் 'பொது மொழியியல் பாடங்கள்' என்ற நூலை எழுதியதே சசூர் அல்ல. 1907 முதல் 1911 வரை மூன்று தொடர்களாக அவர் நடத்திய வகுப்புகளின் மாணவர் குறிப்புகளை வைத்து பாலி, செஷ்ஹாயே என்ற இருவர் தொகுத்து 1916இல் வெளியிட்டார்கள். இருவருமே அந்த வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள் இல்லை. மொழியை அதற்குள்ளாகவே, அதற்காகவே ஆராய வேண்டும் என்ற புகழ்பெற்ற கடைசி வாக்கியம் மாணவர் குறிப்புகள் எதிலும் கிடையாது, தொகுப்பாளர்கள் சேர்த்தது. சசூரின் கைப்பட எழுதிய தாள்கள் ஒரு கட்டு 1996இல் ஜெனீவாவில் அவருடைய குடும்ப வீட்டில் கிடைத்து, 2002இல் அச்சாகியிருக்கிறது.

இனி உங்கள் தண்ணீருக்கு வருகிறேன். அந்தச் சொல்லுக்குள் 'தண்' இருக்கிறது. ஒருகாலத்தில் குளிர்ந்த நீர் மட்டும்தான் தண்ணீர், எதிர்ப்பக்கம் வெந்நீர். பொதுப்பெயர் நீர். அன்றாடப் பேச்சிலிருந்து நீர் மெல்ல விலகியதும், காலியான அந்த இடத்துக்குத் தண்ணீர் நகர்ந்துவிட்டது. அதனால்தான் 'சுடுதண்ணி' என்று கூசாமல் சொல்கிறோம், 'ஜில்லென்று தண்ணி கொடு' என்று கேட்பது யாருக்கும் கூறியது கூறலாகப் படுவதில்லை. சசூர் மதிப்பு என்று சொன்னது இதை. உங்கள் அம்மாவுக்கு இந்த வரலாறு எதுவும் தெரிய வேண்டியதில்லை. இன்றைய தமிழில் தண்ணீர் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அது அவருக்குத் தெரியும்.

ஆனால் சொம்பு உங்கள் கைக்கு எப்படி வந்தது என்பதற்குச் சசூரிடம் பதில் இல்லை. சொல்லுக்கும் உலகத்தில் உள்ள பொருளுக்கும் இடையே நடப்பதை அவர் வேண்டுமென்றே ஒதுக்கிவைத்தார். ஒதுக்கிவைப்பது வேறு, அது இல்லை என்பது வேறு. அப்படியும் அந்தப் பொருள் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது என்று 1939இல் பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வனிஸ்ட் பிடித்தார். ஒரே மாட்டுக்குப் பிரெஞ்சில் ஒரு பெயர், எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மனில் வேறு பெயர், ஆகவே உறவு இடுகுறி என்கிறீர்களே, 'ஒரே மாடு' என்று சொல்லும்போதே நிஜ மாட்டைக் கொண்டுவந்துவிட்டீர்களே என்பது அவர் கேள்வி. ஒரு மொழிக்குள் பிறந்து வளர்ந்தவருக்குச் சொல்லின் ஓசையும் கருத்தும் பிரிக்க முடியாதபடி சேர்ந்தே இருக்கின்றன. இடுகுறி என்பதெல்லாம் வெளியே நின்று இரண்டு மொழிகளைப் பார்ப்பவருக்குத் தெரிவது என்றார். எனக்கு இதில் பென்வனிஸ்ட் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

சாப்பாட்டில் உட்கார்ந்தவர் 'தண்ணீர்' என்றால் கேட்கிறார்; ஓட்டைப் படகில் இருப்பவர் அலறினால் எச்சரிக்கிறார். அமைப்பில் சொல்லின் இடம் இரண்டு தடவையும் அதேதான். யார், யாரிடம், எப்போது சொன்னார் என்பதுதான் மாறியிருக்கிறது. பென்வனிஸ்ட் பிற்பாடு 'நான்', 'நீ' போன்ற சொற்களை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கமாகப் போனார். 'நான்' யாரைச் சுட்டுகிறது என்று எந்த அகராதியும் சொல்ல முடியாது, பேசுகிறவர் வாயைத் திறக்க வேண்டும்.

நூலை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள், முன்னுரைகளிலேயே சலித்துவிடும். இரண்டாம் பகுதியின் நான்காம் அத்தியாயம் மதிப்பைப் பற்றியது. அதை முதலில் படியுங்கள். கையோடு பென்வனிஸ்டின் 1939 கட்டுரையையும் படித்துவிடுங்கள், சில பக்கங்கள்தான். ஆங்கிலத்தில் இரண்டும் கிடைக்கும். இடுகுறி பற்றிய தொடக்க அத்தியாயத்துக்கு அதற்குப் பிறகு போனால் போதும்.