உங்கள் சிமுலேஷனில் நியூட்ரான் பறக்கும் நேரத்தை இரட்டித்தும், அது தன் எதிர்த்துகளான எதிர்நியூட்ரானாக மாறும் நிகழ்தகவு நான்கு மடங்காகவில்லையா?

நியூட்ரான் பறக்கும் குழாயின் நீளத்தில் கோளாறில்லை, காந்தப்புலத்தைப் பாருங்கள். நேரத்தின் வர்க்கத்தோடு நிகழ்தகவு ஏறுவது, நியூட்ரானும் எதிர்நியூட்ரானும் ஏறக்குறைய ஒரே ஆற்றலில் இருக்கும்வரைதான். இரண்டின் காந்தத் திருப்புதிறனும் (துகள் ஒரு குட்டிக் காந்தம்போல் நடந்துகொள்ளும் பண்பு) எதிரெதிர்; அதனால் காந்தப்புலம் இருந்தால் இரண்டின் ஆற்றலும் விலகிவிடும். பூமியின் புலத்தை, சுமார் 50 மைக்ரோடெஸ்லா, அப்படியே விட்டுவைத்தால் ஒரு மில்லிசெகண்டுக்குள்ளேயே ஏற்றம் நின்றுவிடும். மீதி நீளம் அத்தனையும் வீண்.

சிமுலேஷனில் புலத்தைப் பூஜ்யமாக்கி ஓட்டுங்கள். நான்கு மடங்கு வந்தால் காரணம் இதுவே. பிறகு 10 நானோடெஸ்லா வையுங்கள், 0.1 செகண்ட் பறப்புக்கு அது போதும். இந்த மாற்றத்தைத் தேடி பிரான்சின் கிரெனோபிளில் நடந்த சோதனையிலும் காந்தக் கவசம் போட்டு ஏறக்குறைய இந்த அளவுக்குத்தான் அடக்கினார்கள். நியூட்ரான் எதிர்நியூட்ரானாக மாற ஆகும் அலைவு நேரத்துக்கு 1994-இல் அவர்கள் சொன்ன கீழ்வரம்பு 8.6 கோடி செகண்ட். அபாரமான உழைப்பு அது.

ஆனால் நியூட்ரான் வழியில் சுவரில் பட்டுத் தெறித்தால் நேரம் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான். கடைசி மோதலிலிருந்து, எதிர்நியூட்ரானைப் பிடிக்க வைத்த கார்பன் தகடு வரை உள்ள நேரத்தை மட்டும் எடுங்கள்.