கச்சான் காற்றில் தாங்கும் பற்றரி எது?

திருகோணமலைப் பக்கம் குச்சவெளியில் இருந்து மீன் வியாபாரி ஒருவர் கேட்டிருக்கிறார். ஜப்பானில் ஓடி இங்கே வந்த பழைய டீசல் பிக்அப் அவருடையது. பொனட்டுக்குள் இரண்டு பற்றரி. போன வருடம் ஒன்றை மாற்றினார், இப்போது மற்றது போய்விட்டது. எதைப் போட்டாலும் ஒன்றரை வருடம் தாண்டுவதில்லை. கடைக்காரர் சீ.சீ.ஏ. கூடிய பற்றரி எடுக்கச் சொல்கிறார், மச்சான் ஏ.ஜீ.எம். எடுக்கச் சொல்கிறார். எது நீடிக்கும்? வலைக்கு ஈயம் வார்க்கிறவர்கள் பழைய பற்றரியைக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

முதலில் அந்த சீ.சீ.ஏ. பற்றிச் சொல்லிவிடுகிறேன். பற்றரியை மைனஸ் 18 பாகைக் குளிரில் வைத்து, 30 விநாடிக்கு எவ்வளவு அம்பியர் தொடர்ந்து தருகிறது என்று அளந்து எழுதும் எண் அது. குளிரில் எஞ்சின் ஒயில் தடித்துவிடும், பற்றரியின் பலமும் குறையும். டீசல் எஞ்சினில் காற்றை இறுக்க நிறையப் பலம் வேண்டும் என்பதால் அங்கே இந்த எண் முக்கியம். உங்கள் வண்டியில் இரண்டு பற்றரி இருப்பதும் அநேகமாக அது ஜப்பானின் குளிர்ப் பிரதேசத்துக்குச் செய்த வண்டி என்பதால்தான். திருகோணமலையில் கச்சான் என்ற சூடான தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நிழலிலேயே 35 பாகையைத் தொடுகிறது, வண்டி ஓடும்போது பொனட்டுக்குள் 60 பாகைகூட வரும். நம் ஊரில் பற்றரியைக் கொல்வது சூடு. வண்டிக் கம்பனி குறித்த சீ.சீ.ஏ. அளவு இருந்தால் போதும், அதற்கு மேல் காசு கொடுக்க வேண்டாம்.

சூடு இரண்டு வழியில் வேலை செய்கிறது. பொசிற்றிவ் பிளேட்டின் ஈயச் சட்டத்தை அரிக்கிறது, உள்ளே இருக்கும் தண்ணீரை வற்ற வைக்கிறது. 10 பாகை கூடினால் இந்தத் தேய்மானம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அதனால் நான் இங்கே பரிந்துரைப்பது ஆறு மூடிகளையும் கழற்றித் தண்ணீர் விடக்கூடிய பற்றரி. மூடி இல்லாத மெயின்ரனன்ஸ் ஃபிறீ பற்றரியில் தண்ணீர் மெதுவாகத்தான் வற்றும், ஆனால் வற்றியதைத் திரும்ப விட வழியில்லை. ஏ.ஜீ.எம். என்பது அசிட்டைக் கண்ணாடி நார்ப் பாயில் ஊறவைத்து மூடிய பற்றரி. நல்ல பொருள்தான், அதிர்வைத் தாங்கும், அடிக்கடி இறங்கி ஏறுவதையும் தாங்கும். ஆனால் பழைய டைனமோவின் ரெகுலேற்றர் கொஞ்சம் கூடுதலாக சார்ஜ் விட்டாலும், சூடான இடத்தில் அது காய்ந்துவிடும். அந்த விலையை உங்கள் பொனட்டுக்குள் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி உங்கள் பிரச்சினையின் வேர். இரண்டு பற்றரிகளும் எப்படி இணைந்திருக்கின்றன என்று பாருங்கள். பிளஸ்சும் பிளஸ்சும், மைனஸும் மைனஸும் சேர்ந்திருந்தால் அது 12 வோல்ட். ஒன்றின் பிளஸ் மற்றதின் மைனஸுக்குப் போனால் 24 வோல்ட். சில பழைய லாண்ட் குரூசர்களில் லைற் எல்லாம் 12 வோல்ட்டிலும் ஸ்டார்ட்டர் மட்டும் 24 வோல்ட்டிலும் வேலை செய்யும். 24 வோல்ட் வந்தால் எதையும் கழற்றாமல் ஓட்டோ எலெக்ரீசியனிடம் கொண்டுபோங்கள்.

12 வோல்ட் என்றால், போன வருடம் நீங்கள் செய்தது புதியதையும் பழையதையும் ஒரே நுகத்தில் பூட்டியதுதான். பழையதில் ஒரு செல் தளர்ந்ததும் அதன் வோல்ட் இறங்கும். இரவு முழுக்கப் புதியது அதற்குள் வடிந்துகொண்டே இருக்கும். காலையில் டைனமோ கொடுப்பதையும் பழையதே இழுக்கும். புதியது அரைகுறை சார்ஜில் கிடந்து, பிளேட்டில் சல்பேற் படிந்து கெடும். அடுத்த முறை அதை மாற்றுவீர்கள், அப்போது அது மற்றதைக் கெடுக்கும். ஒன்றரை வருடக் கணக்கின் பெரும்பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு போடுவதென்றால் ஒரே கம்பனி, ஒரே வகை, ஒரே அளவு, ஒரே மாதத்தில் செய்தது என்று சோடியாகத்தான் போட வேண்டும்.

ஆனால் உடனே சோடி வாங்கிவிடாதீர்கள். போன வருடப் பற்றரியைத் தனியே கழற்றி, முழுக்க சார்ஜ் செய்து, ஒரு நாள் சும்மா வைத்து அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் நின்றால் நல்லது. 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதிதான் நிற்கிறது. பிறகு அதை மட்டும் வண்டியில் பூட்டி ஸ்டார்ட் அடிக்கும்போது மீற்றரைப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் எஞ்சின் பிடித்தால் நம் ஊர்ச் சூட்டுக்கு அந்த ஒன்றே போதும். ஸ்டார்ட்டர் கேபிள் வரும் பக்கத்தில் அதை வையுங்கள், இரண்டையும் சேர்க்கும் கேபிள்களை முழுதாகக் கழற்றிவிடுங்கள். பிளஸ் கேபிளின் ஒரு முனை தொங்கிக்கொண்டிருந்தால் வண்டியின் பொடியில், அதாவது உடல் தகட்டில், பட்டு நெருப்புப் பிடிக்கும்.

இரண்டாவது பற்றரி தேவையா என்பதைத் தீர்மானிப்பது கரையில் நீங்கள் காத்திருக்கும் நேரம். பலரும் ஸ்டார்ட் அடிப்பதுதான் பற்றரியைத் தின்கிறது என்று நினைக்கிறார்கள். 300 அம்பியர் மூன்று விநாடி இழுத்தாலும் அது கால் அம்பியர் மணிதான், ஸ்டார்ட்டுக்கு முன் டீசல் எஞ்சினைச் சூடாக்கும் ஹீற்றர் பிளக்கையும் சேர்த்தால் அரை. எஞ்சினை நிறுத்திவிட்டு, படகு வரும்வரை ஹெட்லைற்றை எரியவிட்டால் இரண்டு மணி நேரத்தில் 18 அம்பியர் மணிக்கு மேல் போய்விடும். அப்படி வேலை இருந்தால் ஒரு எல்.ஈ.டி. விளக்கு பூட்டுங்கள். அது ஒரு பற்றரியின் விலையில் சிறு பங்குதான்.

வாங்குவதற்கு முன் சார்ஜிங்கை அளக்காமல் விடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது பற்றரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 14.8 தாண்டினால் புதியதும் வெந்துபோகும். நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு வண்டிக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பற்றரி மாற்றினேன். கடைசியில் குற்றம் எஞ்சினில் இருந்து பொடிக்குப் போகும் எர்த் பட்டியில் இருந்தது. உப்புக்காற்றில் உள்ளே பச்சை பிடித்து, வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது. அந்த மனிதரின் காசை நினைத்தால் இன்றும் மனம் உறுத்தும். மீன் பெட்டியில் இருந்து உப்புத் தண்ணீர் சொட்டும் வண்டி உங்களுடையது, அந்தப் பட்டியைக் கட்டாயம் கழற்றிப் பாருங்கள்.

கடையில் பழைய பற்றரியின் எண்ணைக் காட்டிக் கேளுங்கள். 95டி31ஆர் என்று இருந்தால் 31 என்பது நீளம் சென்ரிமீற்றரில், கடைசி எழுத்து முனைகள் இருக்கும் பக்கம். ஆர் இருக்க வேண்டிய இடத்தில் எல் வாங்கினால் கேபிள் எட்டாது. செய்த தேதியையும் பாருங்கள், ஆறு மாதம் தட்டில் கிடந்தது வேண்டாம். சூரிய மின்சாரத்துக்கு விற்கும் பற்றரி மலிவாகக் கிடைத்தாலும் அது ஸ்டார்ட் அடிக்கச் செய்ததல்ல.

பூட்டும்போது பற்றரியைச் சுற்றி ஆரம்பத்தில் இருந்த வெப்ப உறை கிடைத்தால் திரும்பப் போடுங்கள். மெக்கானிக்மார் இடைஞ்சல் என்று அதைத்தான் முதலில் கழற்றி எறிவார்கள். இறுக்கும் கம்பியும் ஆடாமல் இருக்கட்டும், குலுங்கினால் பிளேட்டில் இருந்து பொருள் உதிரும். கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். முனையில் பூத்திருப்பதை அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரால் கழுவி, காயவிட்டு, பூட்டிய பிறகு கிறீஸ் பூசுங்கள். தண்ணீரை மாதம் ஒருமுறை, கச்சான் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். பிளேட்டுக்கு மேல் ஒரு சென்ரிமீற்றர் நிற்க வேண்டும். டிஸ்ரில்ட் வோட்டர் மட்டும். நம் கரையோரக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு பிளேட்டைத் தின்றுவிடும், அசிட்டும் விடக் கூடாது.

வலைக்கு ஈயம் கேட்பவர்களுக்குப் பழைய பற்றரியைக் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டு முற்றத்தில் பற்றரியை உடைத்து உருக்கினால் ஈயத்தூள் மண்ணில் படியும், அதே மண்ணில் பிள்ளைகள் விளையாடுவார்கள். பிள்ளையின் மூளைக்கு ஆபத்தில்லாத ஈய அளவு என்று ஒன்று இல்லை. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அசிட் சிந்தாதபடி நிமிர்த்தி, மீன் பெட்டிகளுக்குத் தூரமாக வைத்துக் கொண்டுபோங்கள்.